‘ஸ்’ என்ற ஒரு சத்தம்

இது தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முந்தின ஐப்பசி மாதத்தில். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். பஸ் நின்றால் இறங்குகிற ஆட்களை விட, குறுக்கே போகிற ஆடுகள் அதிகம். சுற்றிலும் சீமைக்கருவேல மரம்தான். அதை வெட்டி, மண் மூடி மூட்டம் போட்டு எரித்து எடுக்கிற கரியைத்தான் என் வீட்டுக்காரர் சின்ன லோடு வண்டியில் ஏற்றி அருப்புக்கோட்டைக்கும் பந்தல்குடிக்கும் கொண்டுபோய்ப் போடுகிறார். அவர் எனக்குத் தாய்மாமன். அம்மாவின் கடைசித் தம்பி. கட்டிக்கொண்ட பிறகும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன்.

எங்கள் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அது எங்களுக்குத் தெரிய வரும்போது அவளுக்கு ஒன்றரை வயது ஆகிவிட்டது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று ஊரில் பேசாதவர்கள் இல்லை. எங்கெங்கோ அலைந்து, மூன்று வயதில் மதுரையில் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்தார்கள். வெளியே ஒரு மெஷின் இருக்கும். காதின் பின்னால் மாட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் போய், வட்டமான வில்லை ஒன்று தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். அதை மாட்டியதும் பிள்ளை பேசிவிடும் என்று நினைத்தவள்தான் நானும். அப்படி இல்லை. சத்தம் உள்ளே போகும், அவ்வளவுதான். இது அம்மா குரல், இது மழை, இது குக்கர் விசில் என்று ஒவ்வொன்றாக மூளைக்குப் பழக்க வேண்டும். அதற்குச் சின்ன வயதுதான் வயது. தள்ளிப்போனால் கஷ்டம் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள்.

அதற்காக வாரம் தவறாமல் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் தங்கமானவர். முதல் வருடம் நன்றாகவே போனது. ‘தண்ணி’ என்று ஒரு நாள் வாய் திறந்து கேட்டாள். ‘மா’ என்று கூப்பிட்டாள். ரோட்டில் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்தாள். காரியாபட்டியில் பஸ் நிற்கும்போது வெள்ளரிக்காய் விற்கிறவர் கூவினால் என் சேலையைப் பிடித்து இழுப்பாள். எனக்கு அந்தப் பஸ் பயணமெல்லாம் திருவிழா மாதிரி இருந்தது.

அப்போது நான் மறுபடி உண்டானேன். கர்ப்பப்பை பலவீனமாக இருக்கிறது, பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளின் பயிற்சி நின்றுவிடுமே என்று நான் அழுததைக் கேட்டு அந்த மேடமே வழி சொன்னார். “வீடியோவில் செய்வோம். போன் வேண்டாம், படம் பெரிதாகத் தெரிய வேண்டும். லேப்டாப் கிடைக்குமா?” என்றார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் தம்பி, காலேஜில் படித்தபோது வைத்திருந்த பழைய லேப்டாப்பை பஸ்ஸில் போட்டுவிட்டான். வீட்டில் இருந்த ஒரே போனிலிருந்து அதற்கு நெட் கொடுத்தோம். முன்னறையில் மேஜை போட்டு, பிள்ளையை மடியில் உட்கார வைத்துப் பயிற்சி ஆரம்பமானது.

பயிற்சி ஆறு சத்தத்தில் தொடங்கும். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். இந்த ஆறும் கேட்டால் பேச்சு முழுவதும் கேட்கும் என்பார் மேடம். பிள்ளை ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கையில் எடுத்துக் கன்னத்தோடு வைத்துக் காத்திருக்க வேண்டும். சத்தம் கேட்டதும் கிண்ணத்தில் போட வேண்டும். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று மேடம் ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொள்வார். முதலில் ஆறுக்கும் டக் டக்கென்று போட்டாள்.

அந்த வருடம் எங்கள் பக்கம் அதிசயமாக மழை பிடித்துக்கொண்டது. கரி நனைந்தால் வாங்க ஆள் இல்லை. மாமா மூட்டைகளைக் கொண்டுவந்து முன்னறையிலேயே அடுக்கினார். நான் தினமும் துடைப்பேன். மறுநாள் எல்லாவற்றின் மேலும் மறுபடி கறுப்பாகப் படிந்திருக்கும். லேப்டாப்பையும் துணியால் துடைத்துத்தான் திறப்பேன்.

கார்த்திகையில் முதலில் போனது ‘ஸ்’. மேடம் சொல்கிறார், எனக்குக் கேட்கிறது, பிள்ளை வளையத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். “சரி, இன்னைக்குச் சளி பிடிச்சிருக்கும்” என்றார். அடுத்த வாரம் ‘ஷ்’ போனது. பிறகு ‘ஈ’. மார்கழி முடிவதற்குள் எதற்கும் வளையம் விழவில்லை. மேடம் பூனைப் படத்தையும் பஸ் படத்தையும் காட்டி, “பூனை எது?” என்று கேட்டால் இவள் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது.

ஆனால் வீட்டில் நான் கூப்பிட்டால் திரும்பினாள். அதை மேடமிடம் சொன்னேன். “உங்க குரல் பழகிப்போச்சு. நீங்க மூச்சு விடுறதை வச்சே கண்டுபிடிச்சிடுவா. அதைக் கணக்குல எடுத்துக்க முடியாது. வேற குரல் கேக்கணும்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அப்படியும் உண்டு என்று அங்கே வருகிற மற்ற அம்மாக்களும் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டோம். பேட்டரி மாற்றினோம். வயர் மாற்றினோம். ஈரம் போக உலர்த்துகிற டப்பாவில் ராத்திரி முழுக்க வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் ஒரு நாள் லேப்டாப்பில் மேடத்தின் குரலோடு கரகரவென்று ஒரு சத்தம் சேர்ந்து வந்தது. தம்பிக்குப் போன் செய்தேன். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். ஒலியளவைக் கூட்டினேன், எதையோ அழித்து மறுபடி ஏற்றினேன், அணைத்துப் போட்டேன். கடைசியில், கோளாறு இருந்தால் லேப்டாப்பே தேடிச் சொல்லும் ஒரு வழி இருக்கிறது, அதை அமுக்கு என்றான். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் காட்டியது.

“அப்பறம் என்னக்கா, லேப்டாப்பு நல்லாத்தான் இருக்கு. பழசு, அப்படித்தான் கொஞ்சம் இரையும்” என்றான். கரகரப்பும் குறைந்த மாதிரி இருந்தது. மேடம் பேசுவது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அதனால் அதோடு அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

தை மாதம் மதுரைக்கு வரச் சொன்னார்கள். உள்ளே வைத்த கருவியே பழுதாகி இருந்தால் மறுபடி தலையைத் திறக்க வேண்டி வரும் என்றார்கள். வயிற்றுப் பிள்ளையோடு மாமாவின் வண்டியிலேயே மெதுவாகப் போனோம். காரியாபட்டி தாண்டியதும் மகள் வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில், சத்தம் புகாத அந்தக் கண்ணாடி அறைக்குள் விட்டதும் கதவைப் பிறாண்டிக்கொண்டு அலறினாள். மேடமும் வந்து வளையத்தை நீட்டிப் பார்த்தார், அழுகையில் அவள் வாங்கவே இல்லை. முடியவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரோடு மெஷினை இணைத்து உள்ளே இருக்கும் கருவியை மட்டும் பார்த்தார்கள். கருவி நன்றாக வேலை செய்கிறது என்று வந்தது.

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் டாக்டர் முகம் அப்படி இல்லை. “கருவி நல்லா இருக்கு. அப்படின்னா பிள்ளைகிட்டதான் வேற ஏதோ இருக்கு. சில குழந்தைகளுக்குச் சத்தம் போனாலும் மூளை அதை எடுத்துக்காது” என்றார். கருவி பழுது என்றால் மாற்றலாம். பிள்ளையே பழுது என்றால் என்ன செய்வது? திரும்பி வரும்போது மாமா அருப்புக்கோட்டையில் டீக்கு நிறுத்தினார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்று, குடிக்காமல் கீழே ஊற்றிவிட்டு வந்து ஏறினார்.

அதன் பிறகு வீட்டில் எல்லாம் தளர்ந்துவிட்டது. மெஷினை மாட்டினால் மகள் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாள். முன்பெல்லாம் துரத்திப் பிடித்து மாட்டுவேன். இப்போது, என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுவேன். ஒரு நாள் முழுக்க அது அலமாரியிலேயே கிடக்கும். ‘தண்ணி’ என்ற வார்த்தை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் குடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். அப்போதுதான் உறைத்தது.

சித்திரையில் மகன் பிறந்தான். மூன்றாம் நாள் காதில் சின்னக் குழாய் மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்து, இவனுக்குக் கேட்கிறது என்றார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் பறந்தது. தொட்டிலில் இருந்தவனைச் சுற்றி எல்லோரும் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று, ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடை முடிவதற்குள் மேடமும் ஓய்ந்துவிட்டார். “கொஞ்ச நாள் நிறுத்துவோம். நான் சொல்றதே அவளுக்குத் தண்டனை மாதிரி ஆயிடுச்சு” என்றார். காது கேட்காத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி ஒன்றை அவரே சொன்னார். சைகை மொழியில் நன்றாகப் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். ஐந்து வயது ஆகாத பிள்ளை. எதற்காக நம்மை இங்கே விட்டுப் போகிறார்கள் என்று அவளுக்கு எந்த மொழியில் சொல்வது என்றுதான் நானும் மாமாவும் மாறி மாறி யோசித்தோம். வேறு வழி தெரியாமல் சேர்ப்பது என்று முடிவானது.

ஆனி மாதம் ஒரு நாள், அவளுக்குப் பெட்டியும் துணியும் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போனோம். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டிருந்தேன். டவுனுக்குப் போகிறோமே, ரோட்டில் ஹாரன் சத்தமாவது கேட்கட்டும் என்று மெஷினை மாட்டிவிட்டிருந்தேன். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டோம். இனி எங்களுக்கு அதில் வேலை இல்லை. அது மறுபடியும் கரகரவென்று இரைய ஆரம்பித்திருந்ததால், சரிசெய்து தம்பிக்கே அனுப்பிவிடலாம் என்று எண்ணம். மாமா எங்களை ரிப்பேர் கடையில் இறக்கிவிட்டு, லோடு இறக்கப் போனார்.

கடையில் இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். இன்னொரு லேப்டாப்பைப் பிரித்துப் போட்டு, திருகாணிகளை ஒரு மூடியில் கொட்டி வைத்திருந்தார். எங்களுடையதைத் திறந்து, ஏதாவது சத்தம் வருகிற வீடியோ போடச் சொன்னார். அதில் இருந்ததெல்லாம் வீட்டில் பழகுவதற்காக மேடம் பேசி அனுப்பிய வீடியோக்கள்தான். ஒன்றைப் போட்டேன். கரகரவென்று வந்தது.

“இது செட்டிங்ல உள்ள கோளாறா, ஸ்பீக்கர்ல உள்ள கோளாறான்னு மொதல்ல பாக்கணும்க்கா. வெளி ஸ்பீக்கரை மாட்டுவோம். அதுல தெளிவா கேட்டுச்சுன்னா உள்ள இருக்க ஸ்பீக்கரு போச்சுன்னு அர்த்தம்” என்று சொல்லி, கடையில் இருந்த ஒரு ஸ்பீக்கரைச் செருகி, அதே வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டார்.

மேடத்தின் குரல் வந்தது. மதுரையில் எதிரில் உட்கார்ந்து கேட்ட அதே குரல். இத்தனை மாதம் வீட்டில் கேட்டது இந்தக் குரலே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ‘ஆ’ என்றார். டங் என்று ஒரு சத்தம். திரும்பினேன். மகள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, மூடியிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து, பக்கத்தில் இருந்த தகர டப்பாவில் போட்டிருந்தாள். இன்னொன்றை எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள்.

“பாப்பா, அதை எடுக்காதம்மா. தொலைஞ்சா கெடைக்காது” என்றார் கடைக்காரர்.

‘ம்’ என்றது ஸ்பீக்கர். போட்டாள். தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். அவளைத் தூக்கித் திரையைப் பார்க்க முடியாதபடி திருப்பி உட்கார வைத்தேன். ‘ஊ’. போட்டாள். கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. கன்னத்தில் திருகாணியோடு அசையாமல் இருந்தாள். பிறகு, பால் பொங்கி அடுப்பில் வழிகிற மாதிரி மெல்லிசாக, ‘ஸ்’.

டப்பாவில் திருகாணி விழுந்தது.

“தம்பி, அந்த வயரை உருவிட்டு, லேப்டாப்பு ஸ்பீக்கர்லயே மறுபடியும் போடுங்க” என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் அப்படியே செய்தார். அதே வீடியோ, அதே ‘ஸ்’. எனக்கு இரைச்சலுக்கு நடுவில் கேட்டது. அவள் திருகாணியைக் கன்னத்தில் வைத்துக் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். வீடியோ முடிந்த பிறகும் கையை இறக்கவில்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அழுகையினூடே நடந்ததைச் சொன்னேன். அவர் எங்கள் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டுக் கழற்றத் தொடங்கினார். அதற்குள் மாமாவும் வந்துவிட்டார்.

உள்ளே இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். ஒன்று சுத்தமாகச் செத்துப்போயிருந்தது. இன்னொன்றின் சவ்வு ஓரத்தில் கிழிந்திருந்தது. இரண்டின் வலையிலும் மை அப்பிய மாதிரி கறுப்பாக அடைத்திருந்தது. கடைக்காரர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது என்ன, கரித்தூளா? வீட்ல கரி அடுப்பாண்ணே?”

மாமா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். சட்டையில் துடைத்தார். பிறகு வெளியே போய் வண்டியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார். தோள் குலுங்குவது கடைக்குள்ளிருந்தே தெரிந்தது. நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

“நான் சம்பாரிச்ச கரியே எம் புள்ள காதை அடைச்சிருச்சேத்தா” என்றார்.

பெட்டி வாங்காமல் வீட்டுக்கு வந்தோம்.

அன்றே மேடத்துக்குப் போன் செய்தேன். சொல்லி முடித்ததும், “உங்க பக்கம் என் குரல் எப்படிக் கேக்குதுன்னு நான் ஒரு தடவைகூடக் கேக்கலையேம்மா” என்றார். அவர்தான் எனக்குப் புரிய வைத்தார். நாமெல்லாம் வார்த்தைகளை ஏற்கெனவே தெரிந்துவைத்திருக்கிறோம். பாதி எழுத்து காணாமல் போனாலும் மீதியை நம் மூளையே நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. அவளுக்கோ அப்போதுதான் ஒவ்வொரு சத்தமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. நிரப்பிக்கொள்ள அவளிடம் கையிருப்பு எதுவும் இல்லை. எனக்குப் பேச்சாகக் கேட்டது அவளுக்கு வெறும் இரைச்சல்.

கோளாறு தெரிந்துவிட்டதே, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஸ்பீக்கரை மாற்றுவது சீக்கிரம் முடிந்துவிட்டது. பிள்ளைக்கு மெஷினை மறுபடி பழக்குவதுதான் முடியவில்லை. கடையில் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டாளே தவிர, அத்தனை மாதம் அமைதியில் இருந்தவளுக்கு நாள் முழுக்க என்றால் சத்தமே வலியாகிவிட்டது. மாட்டினால் கத்துவாள், சுவரில் தலையை முட்டுவாள். முன்பு தெரிந்த வார்த்தைகளையெல்லாம் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கேட்டுப் பழகுகிற வயதில் போன காலம் போனதுதான், அதை முழுக்கப் பிடிக்க முடியுமா என்று தெரியவில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தொட்டிலில் கிடந்த தம்பி, அக்காவை முந்திக்கொண்டு ‘அத்தை’ என்று சொன்னபோது, அவனை மெச்சவும் முடியாமல் மெச்சாமல் இருக்கவும் முடியாமல் அடுப்படிக்குள் போய் நின்றேன்.

பள்ளிக்கு அனுப்பவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி மதுரை பஸ் ஏறுகிறேன். கரி மூட்டைகளுக்கு மாமா வெளியே தகரக் கொட்டகை போட்டுவிட்டார். லோடு இறக்கிவிட்டு வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். வேண்டாம் மாமா என்று எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. கேட்பதில்லை. மகள் இப்போது சில வார்த்தைகள் பேசுகிறாள். அவள் வயதுப் பிள்ளைகள் கதை சொல்கிறார்கள். இவள் ‘மா வா’, ‘சோறு தா’ என்கிறாள். ‘ஸ்’ அவளுக்குக் கேட்கிறது. சொல்ல இன்னும் வரவில்லை.

யாராவது ஒரு குழந்தையைக் காட்டி, இதற்கு என்ன சொன்னாலும் ஏறாது என்று பேசுவதைக் கேட்டால் இன்றைக்கும் நான் அந்தக் குழந்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். ஏனென்றால் பாசத்தில் ஒரு குறையும் இல்லாத நாங்கள் இத்தனை பேர் சுற்றி நின்றுதான், கவனமாகக் காத்திருந்த ஒரு பிள்ளையை, கேட்கத் தெரியாதவள் என்று முடிவு கட்டினோம்.